எங்க பக்கம் எல்லாம் சரி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கூட்டம். தலைமை என் சகலை. மனைவியின் தங்கை கணவன். இந்த ஸ்கேன் நிறுவனத்தில் அவனுக்கு வேலை கேட்டு விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறியவன் நான். இன்று தொழில்நுட்பப் பிரிவுக்கு அவன் தலைவன், நான் சர்வர் அறைப் பொறுப்பாளன். ஏறியவன் மாடியில் இருக்கிறான், ஏணி அங்கேயேதான் சாய்ந்து நிற்கிறது.

எல்லாக் கிளைகளின் ஸ்கேன் படங்களும் என் அறை சர்வர்களில் இருக்கின்றன. மாத முடிவுக்குள் அவற்றைக் கிளவுடுக்கு அனுப்பத் தொடங்க வேண்டுமாம். நோயாளிகளின் படங்கள் என்பதால் பொது இணையத்தில் போகக் கூடாது. அதற்கென்று தனி லைன் போட்டாயிற்று. கிளவுடின் கமாண்ட் லைன் கருவியை, அதாவது கட்டளை தட்டி இயக்கும் மென்பொருளை, என் சர்வரில் நிறுவி, அந்தத் தனி லைன் வழியே பேச வைப்பது என் வேலை. பேசிவிட்டால் படங்கள் போய்விடும், அறையை மூடிவிடுவார்கள். மாத முடிவுக்குள் பேசவில்லை என்றால் ஒப்பந்தம் காலாவதி, அடுத்த வருடம்தான்.

"சாரை விட்டா இதுக்கு ஆள் கிடையாது," என்றான் எல்லோர் முன்னும். அறையை மூடினால் நான் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்."

பாத்துக்கலாம். கல்யாணத் தரகரும் இதைத்தான் சொல்வார்.

மார்ச் 5, வியாழன்

கருவியை நிறுவுவதே ஒரு பாடு. இணையமே இல்லாத சர்வரில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்கிறது. வேறு கணினியில் இறக்கி, வைரஸ் இல்லை என்று பாதுகாப்புப் பிரிவில் முத்திரை வாங்கி, டிஸ்கில் தூக்கிக்கொண்டு வந்தேன். அது கேட்ட துணை மென்பொருள் ஒன்று இல்லை. மறுபடி இறக்கு, மறுபடி முத்திரை. பாதுகாப்புப் பிரிவுப் பெண் சிரித்துவிட்டாள். "என்ன சார், தவணை முறையில கொண்டுவர்றீங்களா?"

சாயங்காலம் கருவி எழுந்து உட்கார்ந்தது. முதல் வார்த்தையே, உள்நுழைய பிரவுசரைத் திறக்கவும். கறுப்புத் திரையும் எழுத்தும் தவிர வேறு எதுவும் இல்லாத சர்வரிடம்! கண் இல்லாதவனிடம் கண்ணாடி பார்க்கச் சொல்வது போல.

சாவிக் கோப்பு வைத்து உள்நுழையலாம். அந்தச் சாவியைத் தர வேண்டியவனும் சகலைதான். கேட்டு எழுதியிருக்கிறேன். கேட்பதே என் தலையெழுத்து.

மார்ச் 8, ஞாயிறு

மாமனார் வீட்டில் சாப்பாடு. சகலை குடும்பமும் வந்திருந்தது. அலுவலகத்தில் சார், இங்கே அண்ணே.

"அண்ணே, சாவி அனுப்பிட்டேன். கிடைச்சுதா?"

கிடைத்தது என்றேன். மாமனார் விடவில்லை. "என்ன சாவி?" சகலை விளக்கினான். பொறுமையாக, நன்றாகவே விளக்கினான், அதுதான் எரிச்சல். மாமனார் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க ரூமைப் பூட்றதுக்குத்தான் உங்ககிட்டயே சாவியக் குடுத்திருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் வழியில் மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள். "அப்பா தமாஷா சொன்னாரு. நீங்க அதை ஒரு வருஷத்துக்கு ஊறப் போட்டு வெப்பீங்க."

உண்மைதான். ஊறுகிறது.

மார்ச் 11, புதன்

சாவி சரி. கருவி சரி. ஒரு கட்டளை, கிளவுடில் நமக்கென்று ஒதுக்கிய சேமிப்பிடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டு. அவ்வளவுதான். தட்டினேன். கர்சர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைப்பு கிடைக்கவில்லை, நேரம் முடிந்தது. மறுபடி. மறுபடி. ஒரு பிழைச் செய்தி என்றால் சண்டை போடலாம். மௌனத்தோடு என்ன செய்வது?

லைனைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் பொறியாளரைக் கூப்பிட்டேன். ஒப்பந்த ஊழியர், அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "எங்க பக்கம் எல்லாம் சரி சார்" என்பார். அதனால் அவருக்கு எங்கபக்கம் என்றே பெயர். வந்தார், சோதித்தார், சொன்னார். "எங்க பக்கம் எல்லாம் சரி சார்."

கிளவுட் நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் பக்கமும் சரியாம்.

இத்தனை பக்கமும் சரியாக இருக்கிற உலகத்தில் கோணலாக இருப்பது யார்? நான்தான் போல.

மார்ச் 13, வெள்ளி

கருவி இன்றும் பேசவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

கருவி சேமிப்பிடத்தின் பெயரை மட்டுமே அறியும். அந்தப் பெயருக்கு முகவரி என்ன என்று நம் பெயர் சர்வரைக் கேட்கிறது. பெயர் சர்வர் தெருவாசல் முகவரியைத் தருகிறது, அதாவது பொது இணைய முகவரியை. நமக்குத் தெருவுக்குப் போகவே வழி இல்லை. கொல்லைக் கதவு மட்டும்தான் திறந்திருக்கிறது, அதன் முகவரி வேறு. அந்த உள்முகவரிப் பட்டியலைக் கிளவுட் பக்கத்தில் நம் வலையோடு இணைத்துவிட வேண்டும், யாரோ மறந்திருக்கிறார்கள். லைன் உண்மையிலேயே சரி. எங்கபக்கம் பொய் சொல்லவில்லை.

சொல்ல எழுந்தேன். எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் பேசும், பேசினால் அறை போகும். சொல்லாவிட்டால் மாதம் முடியும், ஒப்பந்தம் போகும், கை கட்டி நிற்பது சகலை. நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருப்பதற்குப் பலன் கிடைக்கப்போகிறது.

ஆனால் நான் நினைத்தது சரிதானா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அறையில் யாரும் இல்லை. சர்வரின் சொந்தக் குறிப்பில் பெயரையும் உள்முகவரியையும் கையால் எழுதினேன். கருவி பெயர் சர்வரைக் கேட்காமல் இதைப் பார்த்துப் போகும். சோதனைக்கு ஒரு கோப்பு வேண்டும். கை போன போக்கில் ஒரு வரி அடித்தேன். "வந்துட்டேன்டா, நன்றி கெட்ட நாயே." அனுப்பு.

போய்விட்டது. ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை.

கையால் எழுதிய வரியை உடனே எடுத்துவிட்டேன். கருவி மறுபடி ஊமை. மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

மார்ச் 18, புதன்

அழிக்க முடியவில்லை.

யாரும் அறையில் இல்லாதபோது அந்த முகவரி வரியை மறுபடி போட்டு, நேற்றைய கோப்பை அழிக்கக் கட்டளை கொடுத்தேன். அனுமதி இல்லை. சரி, அதே பெயரில் வெறும் கோப்பை மேலே எழுதிவிடலாம் என்று அனுப்பினேன். அனுமதி இல்லை. அப்போதுதான் உறைத்தது. மருத்துவப் படங்களை யாரும் திருத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த இடத்துக்குப் பூட்டு உண்டு. ஒருமுறை போட்டதை ஏழு வருடத்துக்கு யாரும் தொட முடியாது. என்னாலும் முடியாது, சகலையாலும் முடியாது, கிளவுட்காரனாலும் முடியாது. கூட்டத்தில் சொன்னார்கள். நான் என்ன கேட்டேன்? என் நாற்காலி என்ன ஆகும் என்றல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேமிப்பிடத்தை வலைப்பக்கத்தில் திறந்து பார்க்கும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான். கருவி பேசாதவரை திறக்க மாட்டான். காலி அறையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

ஆக, இனி நான் சும்மா இருப்பது பழிவாங்குவதற்கு மட்டும் இல்லை. சும்மா இருந்தே ஆக வேண்டும்.

படித்தவன். இத்தனை வருட அனுபவம். சுவரில் கரியால் கிறுக்குகிற பையன்கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவான்.

மார்ச் 20, வெள்ளி

சகலையை நிர்வாக இயக்குநர் கூப்பிட்டுக் காய்ச்சினாராம். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

எங்கபக்கம் என் அறைக்கு வந்தார். அழைக்காமல் வந்தது இதுதான் முதல் தடவை. நாற்காலி இருக்க, கேபிள் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"லைன் சரியில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க சார். மாசக் கடைசியோட என்னை நிறுத்திடுவாங்களாம்."

"யார் சொன்னா?"

"உங்க சகலைதான். மேல கேட்டா யார் பேரையாவது சொல்லணும்ல. அவரையும் குத்தம் சொல்ல முடியாது." கையை உதறினார். "வீட்ல இன்னும் சொல்லல. எங்க பக்கம்..."

வழக்கமான வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திவிட்டார்.

நான் பகைக் கணக்கு வைக்காத ஆள் யாரும் கிடையாது. அப்பா, அண்ணன், மாமனார், சகலை, பதவி உயர்வில் என்னைத் தாண்டிப்போன எல்லோரும். யோசித்து யோசித்துப் பார்த்தேன், இந்த மனுஷன் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இதை நல்லவன் வேஷத்துக்காக எழுதவில்லை.

"உங்க பக்கம் சரிதாங்க. பெயர் சர்வர் என்ன முகவரி குடுக்குதுன்னு பாருங்க," என்றேன்.

எழுந்து ஓடினார், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு.

மார்ச் 25, புதன்

பட்டியலை இணைத்துவிட்டார்கள். காலையில் கட்டளை தட்டினேன், உடனே பதில். பிரிவு முழுவதும் எங்கபக்கம் பரப்பிவிட்டார். "சார் ஒரே வார்த்தையில புடிச்சிட்டாரு." பாதுகாப்புப் பிரிவுப் பெண் கைகுலுக்கினாள். எங்கபக்கத்தை வேலையிலிருந்து நிறுத்தப்போவதில்லையாம்.

எனக்கு ஒரே நினைப்பு. படங்கள் உடனே போகத் தொடங்கினால் லட்சம் கோப்புக்கு நடுவே அந்த ஒன்று புதைந்துவிடும். அனுப்பத் தயாராக விரலை வைத்திருந்தேன். சகலை போனில், "ஒரு நிமிஷம் சார். காலியா இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிக்கலாம்."

ஒழுங்காக வேலை செய்கிறவன். எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 26, வியாழன்

அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். நான் வார்த்தைகளுக்குத் தயாராக இருந்தேன். கோபத்தில் அடித்தது, உன்னைச் சொல்லவில்லை, யாரையோ. இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்கள்.

அவன் வார்த்தையைப் பற்றிப் பேசவே இல்லை.

"பதினேழாம் தேதியே போயிருக்கு," என்றான்.

நான் கீபோர்டை ஓரமாகத் தள்ளினேன்.

"பதினேழாம் தேதியே தெரியும் உங்களுக்கு. அந்த மனுஷன் பேரை நான் மேல எழுதிக் குடுத்தது இருபத்திமூணாம் தேதி. என் கையால எழுதிக் குடுத்தேன் அண்ணே."

அலுவலகத்தில் என்னை அவன் அண்ணே என்றது கிடையாது. அந்தச் சொல் அவன் வாயில் தானாக வந்தது, வந்ததை அவன் கவனிக்கவும் இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என்னிடம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறேன்! ஒண்ணும் வரல. என்ன சொல்றது? சொல்லுடா, என்ன சொல்லியிருக்கணும் நீ?

போகும்போது சொன்னான். "பட்டியல்ல முதல்ல அதான் நிக்குது. கேட்டா சோதனைக் கோப்புன்னு சொல்லிடறேன். உள்ள என்னன்னு திறந்து பாக்க மாட்டாங்க." பிறகு, "ஆரம்பிங்க சார்."

ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

சர்வர் அறையில் விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை காலம் அதைச் சத்தம் என்றே நினைக்கவில்லை.

எனக்குக் கீழ்த்தளத்தில், நோயாளிகளுக்குப் பழைய படங்களை எடுத்துத் தரும் கவுண்டர். சம்பளம் அதேதான். யார் ஏற்பாடு என்று கேட்கவில்லை. இன்று ஒரு அம்மா முழங்கால் படம் கேட்டார். கிளவுடிலிருந்து வந்தது. "அதுக்குள்ளயா?" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மனைவிக்கு இன்னும் தெரியாது. அவள் தங்கைக்கும் தெரியாது போல. போனில் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். அவன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் இன்றைக்குச் சொல்லியிருப்பான் என்று காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சகலை வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. தலைவலி என்று படுத்துவிட்டேன். மனைவி மட்டும் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தாள். கையில் அடுக்கு டப்பா.

"எல்லாரும் என்னாச்சு, டாக்டர்கிட்ட போனாரான்னு ஒரே விசாரணை. உங்க சகலை மட்டும் ஒண்ணும் கேக்கல. பந்தி முடியறதுக்கு முன்னாடி எழுந்து போய் அவரே டப்பாவுல எடுத்து வெச்சாரு. அப்புறம் மிஞ்சாதுன்னு."

பிடிக்கவில்லை, பசி இல்லை என்றேன். சரி, மூடி வெக்கிறேன் என்று போனாள். ஐந்து மணிக்கு நானே எழுந்து போய் எடுத்துச் சாப்பிட்டேன். நின்றபடியே, சமையல் மேடை ஓரத்தில். நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். நாளைக்கு ஆபீசில் நானே அவன் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். அவள் தங்கைக்கு வேறு டப்பா இல்லையாம்.