ரோஸ்ட் என்று சொல்லிக்கொண்டு

மாப்ள,

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் என் பணி நிறைவு விழா அழைப்பிதழ், அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. "சார், அன்னைக்கு உங்கள ரோஸ்ட் பண்ணப்போறோம். அம்புட்டுப் பேரும் ரெடி" என்றார். சிரித்துத் தலையாட்டினேன். அந்த வார்த்தையை நம் பள்ளிக்குள் கொண்டுவந்தவன் நான்தானே.

உன் பணி நிறைவு விழாவுக்கு முன்பு எல்லாருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன். "நம்ம ஊர்ல வறுத்தெடுத்தான்னா திட்டுனான்னு அர்த்தம். இங்கிலீஷ்காரனுக்கு ரோஸ்ட்டுங்கிறது மரியாதைய்யா. பிரியமான ஆளத்தேன் மேடையில வச்சுக் கலாய்ப்பான்." இங்கிலீஷ் வாத்தியார் சொன்னால் யார் மறுப்பார்கள்? வழக்கமான வாழ்த்துரை வேண்டாம் என்று முடிவாயிற்று. மாலையும் சால்வையுமாக மேடையில் உட்காரப்போகிற உன்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ கணக்கில் புலி. ஆனால் காலை வழிபாட்டில் ஆங்கில ஜெபம் சொல்லும் முறை வந்தால் முந்தின நாளே உனக்குக் காய்ச்சல் கண்டுவிடும். நான்தான் அதைத் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதித் தருவேன். "யாருக்கும் தெரிய வேணாம் மாப்ள, வீட்லகூட" என்று பைபிளுக்குள் வைத்துக்கொள்வாய். இருபது வருடம் அப்படி ஓடியது. அதைத்தான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? நீ தடுமாறிப் படிப்பதை நடித்தும் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். இதை எழுதவே கூசுகிறது.

நீயும் சிரித்தாய். பக்கத்தில் இருந்த உன் மனைவி சிரிக்கவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உன் பேத்தி, "தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாதா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. ஏற்புரைக்கு எழுந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாய், பார்த்தாய், மடித்துத் திரும்ப வைத்துவிட்டாய். "எல்லாருக்கும் நன்றி. வாரேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய்.

அதன்பிறகு எட்டு மாதம் இருந்தாய். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனை முறை ஆனையூரில் உன் வீட்டுக்கு வண்டியை எடுத்தேன்! நீ "வா மாப்ள, டீ சாப்பிடு" என்றதும், சரி, இவன் மறந்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் உன் மனைவி சொன்னார்: "விழாவுக்கு முன்னாடி ஒரு மாசமாக் கதவச் சாத்திக்கிட்டு என்னத்தையோ படிச்சாருண்ணே. இங்கிலீஷ்ல பேசணும்னு அவரே எழுதி வச்சிருந்திருக்காரு. எனக்கே அன்னைக்குத்தேன் தெரிஞ்சது."

என் விழாவில் இவர்கள் என்னைப் பற்றி என்ன பேசிவிடுவார்கள்? என் தொப்பையை, தினமும் நான் தாமதமாக வருவதை. சிரித்துவிட்டுப் போவேன். பி.ஏ. ஆங்கிலத்தில் நான் மூன்று முறை ஃபெயிலானதும், நாலாவது முறை எழுத மாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதவனை நீ கையைப் பிடித்துப் பரீட்சைக்கு இழுத்துப்போனதும் இவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான். அன்று நான் பேசி முடித்ததும் மைக் உன் கைக்குத்தான் வந்தது, மாப்ள. நீ சொல்லவில்லை.