மச்சான் ஏற்றிய விளக்கு

ஐப்பசி 10, திங்கள்

மழை. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. காலையில் குடும்பம் கூடி, நீண்ட ஆலோசனைக்குப் பின், ஒருமனதாக முடிவெடுத்தது: கருமாதி பேனரில் மச்சானின் சட்டை வெள்ளையாக இருக்கும். படத்தில் இருப்பது கட்டம் போட்டது. என்னையும் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

மச்சான் தனியாக நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்த ஒரே படத்தில், அக்கா உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேனர் கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரில் அக்காவை வெட்டினான். மச்சானின் கைகள் மட்டும் எதையோ பிடித்தபடி நின்றன.

"கையில என்னத்தண்ணே குடுக்க?"

"வெளக்கக் குடு" என்றான் அக்கா மகன் முருகேசன்.

கொடுத்தான். பொருத்தமாகவே இருக்கிறது.

வாங்க: அக்காவுக்குக் கோடிச் சேலை (பிறந்த வீட்டுச் சீர், என் பொறுப்பு). வெற்றிலை. கொசுவர்த்தி. எனக்கு பிபி மாத்திரை.

ஐப்பசி 12, புதன்

தூறல். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் "தங்கமான மனுசன்" என்கிறார்கள். காபி குடித்ததும் இன்னொரு முறை.

மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். அக்கா எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது சரிவில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே போனது போனதுதான். மச்சான் அங்கே கங்காணி. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டார். அவள் எழுந்து நடக்கும்வரை மலையடி முருகனுக்குத் தினமும் விளக்கு என்று வேண்டுதல். காலையில் அவளைக் குளிப்பாட்டி, சடை பின்னி, சாப்பாடு கொடுத்து, பிறகு கோயில். சாயங்காலம் மறுபடியும். தவறியதே இல்லை. முருகனும் அவசரப்படவில்லை.

பழனிக்கு நடக்கிறவர்கள் போகும் காலத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து அவர்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். வீட்டுக்கு வந்து அக்கா காலுக்கு. என்னிடம் ஒரு தரம்: "மாப்ளே, சாமிக்கு ஊத்துற எண்ணெ வேற, அவளுக்குத் தேய்க்கிறது வேற. டின்னு மாறிப்புடாமப் பாத்துக்க."

இன்று அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "இந்தச் சன்னல்லருந்து கோயில் தெரியுதுடா. நான் இங்கனயே கெடந்துக்கிறேன். அத மட்டும் அவங்ககிட்டச் சொல்லிப்புடு."

சொல்வதாகச் சொன்னேன்.

ஐப்பசி 15, சனி

மழை இல்லை. மின்சாரமும் இல்லை. விளக்கு யாருக்கு என்று பேச்சு. மச்சானின் தம்பி தேவாரம் ஊரிலிருந்து புது வேட்டியில் வந்திருந்தார்.

"எங்கண்ணன் ஏத்துன வெளக்கு. கூடப் பொறந்தவன் நான் இருக்கேன்ல."

"பெத்த மகன் நான் கல்லாட்டம் இருக்கேன் சித்தப்பா."

"நீ கடைசியா எப்படா கோயிலுக்கு வந்த? முருகன் மூஞ்சி ஒனக்கு அடையாளம் தெரியுமா?"

"இனிமே தெரிஞ்சுக்கிறேன்."

விளக்கு ஏற்றுகிறவருக்குத் திருவிழாவில் முதல் பரிவட்டம். மச்சான் ஒரு வருடம்கூடத் தலையில் கட்டிக்கொண்டதில்லை. அது அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம்.

முருகேசன் ஜெயித்தான். பிறகு பூசாரி, விவரம் தெரியாமல், "அப்ப ஒங்கம்மாவ யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அவள் இங்கேயே இருக்க விரும்புகிறாள் என்று நான் சொன்னேன். நல்லது என்றார்கள். மதுரையில் என் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அக்கா, ஏலக்காய் ஏலம் விடுகிறவர் குரலில்: "சாம்பிள் பாத்தாச்சாப்பா? யாரும் கேக்கலையின்னா மூட்டைய வந்த வழியே அனுப்பிருங்க."

ஐப்பசி 19, புதன்

கருமாதி. பேனர் மழையில் நனைந்து ஒரு பக்கம் தொங்குகிறது. தாலி இறக்கினார்கள். கோடிச் சேலையை மடியில் வைத்தேன். சாம்பல் நிறம். "கடையில வேற நெறமே இல்லையாடா?" என்றாள்.

மதியம், கூட்டம் பந்தியில் இருந்தபோது, அன்று நடந்ததைச் சொன்னாள். மச்சான் விளக்கேற்றிவிட்டு வந்து இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே அவள் மடியில் சாய்ந்தார். கூப்பிட்டாள், கத்தினாள். கோயில் ஸ்பீக்கரில் முருகன் பாட்டு. பாட்டு நின்ற பிறகுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அதுவரை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம்.

கொஞ்ச நேரம் கழித்து: "நான் எந்திரிச்சுட்டா அந்த மனுசனுக்குச் சோலி இல்லாமப் போயிரும்னுதான் முருகன் என்னைய இப்பிடியே விட்டு வச்சான்."

முருகேசன் இலையோடு வந்தான். அவனிடம் கேட்டாள்: "ஏம்பா, நீ அந்த வெளக்க யாருக்குன்னு ஏத்தப் போற?"

"ஊரு ஒலகம் நல்லா இருக்கணும்னும்மா."

"ஓ."

ஐப்பசி 20, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. முருகேசன் ராசிங்காபுரத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வருகிறான். கோயிலுக்கு இதுதான் பக்கம். சன்னல் அறை பிள்ளைகள் படிக்க.

"காலையிலயும் கோயிலு, சாயங்காலமும் கோயிலு. நான் எப்பிடி மாமா அம்மாவப் பாக்க?"

நியாயம். இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பது நடக்காத காரியம்.

அக்கா மகள் செல்வி மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுக்கிப் பக்கம் எஸ்டேட் லயத்தில் (கூலியாட்கள் வரிசை வீடு) இருக்கிறாள். ஏலக்காய் எடுக்கிற வேலை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். யாரும் தடுக்கவில்லை.

"பகல்ல நீ வேலைக்குப் போயிட்டா?"

"வெளிய பூட்டிட்டுப் போவேன் மாமா. வேறென்ன செய்ய?"

எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை.

ஐப்பசி 24, திங்கள்

பனி. வெரசா கிளம்பச் சொல்லி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அக்காவைத் தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் வைத்து, வளைவுகளில் சாயாமல் இருக்க மச்சானின் துண்டால் கட்டினோம். சாம்பல் நிறச் சேலை. கோயில் பக்கம் திரும்பவில்லை. என்னிடம், "ஒன் மாடிப்படி பத்திரம்டா" என்றாள்.

லயத்துக்கு ரோட்டிலிருந்து படிகளில் இறங்கிப் போக வேண்டும். சக்கர நாற்காலி அங்கே ஓடாது. அதை அப்பா பெயரில் கோயிலுக்குக் கொடுத்துவிட்டான் முருகேசன். பிடியில் பெயர் எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் ரயிலுக்கு முன் கோயிலுக்குப் போனேன். விளக்கு எரிகிறது. நாற்காலியில் எண்ணெய் டின் வைத்திருக்கிறார்கள்.