உன் பெயரில் நான் ஊதிய மூச்சு

மதினி,

பேத்தி அரசியின் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். துணிகளுக்கு அடியில், மூச்சை அளக்க ஊதுகிற அந்த மீட்டர் கிடந்தது. வெள்ளை பிளாஸ்டிக் குழல், பக்கவாட்டில் எண்கள், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். வாய் வைக்கிற இடத்தில் ஸ்பிரிட் வாசம் இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. ஐந்தாம் வகுப்புக் கை, கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

அரசிக்கு இரண்டாம் வருஷக் கல்லூரியில் அந்த ஃபெல்லோஷிப் கிடைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நம்மைப் போன்ற வீடுகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பிலேயே ஆராய்ச்சி பழக்குவார்களாம். நாளைக்கு அவர்களே பேராசிரியராக வந்து உட்கார வேண்டுமாம். முதல் வருஷ வேலையைக் குழு பார்த்து ஒத்துக்கொண்டால்தான் அடுத்த வருஷம். நீ சிரித்தாய். "அப்ப நம்மாளு ஒருத்தி நாக்காலில உக்காந்து, மத்தவுகள நிக்க வச்சுக் கேள்வி கேப்பாங்குற!"

அவள் எடுத்துக்கொண்டது நம் பாடு. மேலூர் ரோட்டுக் கிரஷர்களில் கல் உடைத்த பெண்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இருபது பேருக்கு மீட்டரும் ஒரு கட்டம் போட்ட கார்டும் கொடுத்தாள். காலையும் மாலையும் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். பதினான்கு நாள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டில் தெரிந்தவர்கள் எழுதலாம். உன் கார்டு என் கைக்கு வந்தது. நான் நான்கே வருஷத்தில் கல்லை விட்டுவிட்டு அங்கன்வாடிச் சமையலுக்குப் போனவள். நீ முப்பது வருஷம் அந்தத் தூசியில் நின்றவள்.

முதல் நாள் நீ ஊதினாய். முள் சிவப்பைத் தாண்டவில்லை.

"எம்புட்டு?"

"நூத்திப் பத்து."

"அது நல்லதா, கெட்டதா?"

நான் கார்டில் எழுதக் குனிந்துகொண்டேன். சின்ன வயதில் என் மார்க் அட்டையில் கணக்குக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. அதைப் பார்த்துத்தான் அப்பா என் படிப்பை நிறுத்தினார். சிவப்பு என்றால் பெயில் என்றே என் புத்தியில் ஊறிக் கிடந்தது. ஊதுகிற இருபது பேர் மார்க்கையும் கூட்டித்தான் அரசிக்கு மார்க் போடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் நீ இருமிக்கொண்டு உள்ளே போன நேரம், உன் மீட்டரை எடுத்து நான் ஊதினேன். பச்சை ஓரத்தில் போய் நின்றது. அதை உன் கட்டத்தில் எழுதினேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. உன்னிடம், "இப்ப தேவலை மதினி" என்று பொய் சொன்னேன். நீ நம்பினாய்.

குழு கூடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அரசி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தாள். "அப்பத்தா, அதிக வருஷம் கல் உடைச்சது பெரியப்பத்தா. ஆனா எல்லாரையும் விட நல்ல மூச்சு அவுகளுக்குத்தான்னு கார்டு சொல்லுது. நானே எண்ணை எழுதிக்கிட்டேனான்னு ஆராய்ச்சிய மேற்பார்க்குற மேடம் கேக்குறாங்க. அப்படின்னா ஃபெல்லோஷிப் போயிரும். இனி எந்தக் கல்லூரியும் என்னை ஆராய்ச்சிக்கு எடுக்காது."

"மிஷின் காட்டுனதத்தான் எழுதுனேன்," என்றேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அப்புறம் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். யார் கேட்டாலும் நீதான் ஊதினாய் என்று சொல்லச் சொன்னேன். நீ பாயிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்தாய்.

"முப்பது வருசம் நான் தின்ன தூசிக்கு நீ பாஸ் மார்க் போட்டியாக்கும்?"

"மெல்லப் பேசு மதினி. புள்ளை வாழ்க்கை போயிரும்."

"என் நெஞ்சு நல்லா இருக்குன்னு எழுதிப்புட்டியேடி. நாளைக்கு இன்னொருத்தி கல்லுடைக்கப் போவா. அவளுக்கு என்ன பதில் சொல்லுவ?"

காலையில் நீ மஞ்சப்பையில் மீட்டரைப் போட்டுக்கொண்டு ஒத்தக்கடை ஸ்டாப்புக்குப் புறப்பட்டாய். நான் பின்னாலேயே, "திரும்பு மதினி, திரும்பு" என்று கெஞ்சிக்கொண்டு வந்தேன். மூன்று இடத்தில் உட்கார்ந்தாய். கல்லூரியில் இரண்டு மாடி ஏற வேண்டும் என்றதும் படிக்கட்டை அண்ணாந்து பார்த்து, "மலையவே ஒடச்சவளுக, இதுக்கா பயப்படுறது" என்றாய்.

அறைக்குள் அரசி திரை முன்னால் நின்றாள். திரையில் ஆளுக்கொரு புள்ளி. ஒரு புள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக. மேடமும் இன்னும் இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். "இந்த ஒரு அம்மாவோட எண் உண்மைதான்னு சொல்ல முடியுமா?" என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ வாயைத் திறந்தாய். சத்தம் வரவில்லை. படி ஏறியதில் இருந்த கொஞ்சம் மூச்சும் தீர்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உனக்கு முடியவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாசல் பக்கத்தில்தான் இருந்தது.

"நான்தான் ஊதுனேன். இவுக கார்டுல என் மூச்சு. பிள்ளைக்குத் தெரியாது," என்றேன்.

அரசி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீ மீட்டரை எடுத்து அவர்கள் முன்னால் மூன்று தடவை ஊதினாய். முள் சிவப்பிலேயே கிடந்தது.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று மேடம் அவளைக் கேட்டார்.

"இந்தக் கார்டைக் கணக்குலேருந்து எடுத்துடுறேன் மேடம். ஏன் எடுத்தேன்னும் எழுதுறேன். இருபது பேரையும் மறுபடி ஊதச் சொல்றேன்."

முடிவு வராமல் ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளும் அரசி என்னோடு பேசவில்லை. உன் வீட்டில் சாப்பிட்டாள். பத்தாம் நாள் ஃபெல்லோஷிப் தொடரும் என்று தகவல் வந்தது. முதலில் உன்னிடம் வந்து சொன்னாள். அது நியாயம்தான்.

மறுபடி ஊதும்போது பென்சிலை என்னிடமே கொடுக்கச் சொன்னாய். அரசி தயங்கினாள். "அவ கைதான் தப்பு எழுதுச்சு, அவ கையே சரியா எழுதட்டும்" என்றாய். ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்ல வைத்தாய். "நூத்தி அஞ்சு!" என்று நான் கத்த வேண்டும், "ம், எழுது" என்று நீ சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்காரி ஏலம் போடுகிறோமா என்று கேட்டாள்.

பதினோராம் நாள் காலையில் தொண்ணூறு. அன்றைக்கு மத்தியானம் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

அரசிக்கு வெளியூரில் முதுகலையும் முனைவர் பட்டமும் சேர்ந்தாற்போல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மதியம் புறப்படுகிறாள். உன் கார்டின் நகலையும் பெட்டியில் வைக்கச் சொன்னாள். அதில் உன் பெயர் கிடையாது, வரிசை எண்தான். அது நீ என்று எனக்குத் தெரியும்.

நீ போன மறுநாள் அந்தக் கார்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு எண்பது, ஒரு எழுபத்தைந்து என்று போட்டால் யாருக்கும் தெரியாது, உனக்கும் முழுசாக முடிந்ததாக இருக்கும் என்று கை பரபரத்தது. பென்சில் இன்னும் என் சுருக்குப்பையில் இருக்கிறது, முனை மழுங்காமல்.

ஏழு கட்டம் காலியாகக் கிடக்கிறது மதினி. ஒன்றிலும் நான் கை வைக்கவில்லை.