இரண்டு டின் எண்ணெய்

அக்கா,

இன்று காலை முதியோர் உதவித்தொகை விஷயமாக ஆபீசுக்குப் போயிருந்தேன். குமாஸ்தா என் நரைத்த தலையைப் பார்த்ததுமே மைப் பெட்டியை முன்னால் தள்ளினார். "பேனா குடுங்க சார்" என்றேன். என் பெயரை நான் எழுதி முடிக்கும்வரை பின்னால் வரிசையே காத்திருந்தது. எழுபத்தைந்து வயதில் வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த மை வாசனை வீடுவரை கூடவே வந்துவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்தவரை சொல்லாததை இப்போது எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது.

எண்பதுகளில் ஒரு விடிகாலை, தொப்பூர் கணவாயில் பாமாயில் லாரி கவிழ்ந்தது. டிரைவருக்குக் கால் முறிந்திருந்தது. உங்கள் இட்லிக் கடை பெஞ்சை நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கி வந்தோம். அவரை அதில் படுக்கவைத்து ரேஷன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, என் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தேன். பிறகு போய் இரண்டு டின் எடுத்து வந்தேன். கவிழ்ந்த வண்டிச் சரக்கு எடுத்தவருக்கே என்பது நம் ஊர் வழக்கம். எல்லா வீட்டிலும் டின் இருந்ததால் அது திருட்டாகவே தெரியவில்லை. துண்டு கொடுத்ததை நினைத்து என்னை நல்லவன் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத்தில் சேலத்திலிருந்து லாரி முதலாளி போலீசோடு வந்தார். டிரைவர் வழியிலேயே சரக்கை விற்றிருப்பார் என்று அவருக்குச் சந்தேகம். ஊர்ப் பெரியவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கவிழ்ந்தபோதே லாரியில் நாலைந்து டின்தான் இருந்தது என்று ஒரு காகிதம் தயாரானது. ரேஷன் கடை வாசலில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள்.

"வண்டி நெறைய இருந்துச்சுங்க. பொய்க்கு நான் வெரலு வெக்க மாட்டேன்" என்றீர்கள்.

"ஊரே வெக்குது, உனக்கு மட்டும் என்னம்மா? இட்லி விக்கறவளுக்கு வக்கீல் பேச்சு" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்தது என் முறை. பெஞ்சில் கிடந்தவர் என்னையே பார்த்தார். அவர் தலைக்குக் கீழே என் துண்டு. நீங்கள் என் பக்கத்தில் வந்து, "எழுதத் தெரியாது, சரி. வாய் இருக்குதில்ல தம்பி?" என்றீர்கள்.

கட்டை விரலை மையில் அழுத்தினேன். இத்தனை கைநாட்டுக்கு முன்னால் உங்கள் ஒரு வாய்ப் பேச்சு நிற்கவில்லை. டிரைவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

உங்கள் கடையில் யாரும் கை நனைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வந்தது. அந்த எண்ணெயில் சுட்ட வடையை மாரியம்மனுக்குப் படைத்தோம், யாருக்கும் உறுத்தவில்லை. உங்கள் கடையில் ஒரு டீ குடிக்கலாமா என்று வாசல்வரை வந்த அன்றுதான், ஏதோ தப்புச் செய்யப் போகிறவன்போல எனக்கு உறுத்தியது. குடிக்காமலே திரும்பிவிட்டேன். நாலு மாதத்தில் நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனீர்கள்.

படிக்கத் தெரியாமல் வைத்த கைநாட்டு என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டேன். படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினார்கள், அக்கா.

நீங்கள் கேட்ட அந்த வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. லாரி நிறைய டின் இருந்தது. டிரைவர் விற்கவில்லை. இரண்டு டின் நான் எடுத்தேன்.

எங்கள் வகுப்பு நடப்பதும் அதே ரேஷன் கடை வாசலில்தான். அன்று கைநாட்டு வைத்தவர்களில் நாலு பேர் என்னோடு படிக்கிறார்கள். சொந்தமாக எழுதியதை நாளைக்கு ஒவ்வொருவராக வாசிக்க வேண்டுமாம். நான் இதைத்தான் வாசிக்கப் போகிறேன், சத்தமாக.