கடலைப் பார்த்து மாட்டிய ஏசி

அத்தா,

உங்கள் ரிமோட் இன்னும் இருபத்தாறு என்றுதான் காட்டுகிறது. தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ஏசிக்கு வரும் கரண்டை மாமா எப்போதோ நிறுத்திவிட்டார், சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா எழுந்துவிடுவாளோ என்று போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில், பரீட்சை அட்டையில் தாளைச் சொருகி இதை எழுதுகிறேன்.

நீங்கள் இறந்த பிறகு அம்மா இருந்துவரும் இத்தா இன்றோடு முடிகிறது. நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவள் இருக்கும் இந்த அறைக்குள் வெளி ஆண்கள் யாரும் வரவில்லை. அதனால்தான் ஓடாத ஏசியும் இத்தனை நாள் சுவரிலேயே இருந்தது. காலையில் மரக்காணத்திலிருந்து மெக்கானிக் வந்து கழற்றிக்கொண்டு போகப் போகிறார். ரிமோட்டையும் சேர்த்துத்தான் மாமா விலை பேசியிருக்கிறார்.

"ரிமோட்ட பார்த்தியாடி?" என்று அம்மா நேற்று கேட்டாள்.

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த மெக்கானிக் முன்பே ஒரு தடவை வந்தார். உள்ளே வர முடியாததால் வெளிப்பக்கமாக ஏணி போட்டு, வெளிச்சுவரில் இருக்கும் பெட்டியை மட்டும் திறந்து பார்த்தார். ஜன்னல் திரைக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

"யாருங்க இத மாட்டினது?"

"எங்க மச்சான்தான். சவுதில இருபது வருஷமா ஏசி வேலை" என்றார் மாமா.

"அதான பார்த்தேன். கடலப் பார்த்து மாட்டிகிறாரு. காயிலு தகடெல்லாம் அப்பளமா நொறுங்குது பாருங்க. உப்புக் காத்து சும்மா வுடுமா?"

மாமா சிரித்தார். "ஊருக்கெல்லாம் குளிரப் போட்டாரு, சொந்த வூட்டுக்கு உப்பப் போட்டுட்டாரு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஏன் அங்கே மாட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும் அத்தா. கிழக்குச் சுவரில் மத்தியானத்துக்கு மேல் வெயில் படாது. நீங்கள் வேலை செய்த ஊர் மலைமேல் இருக்கும் பாலைவனம். அங்கே வெளிப்பெட்டிக்கு நிழல் பார்த்து இடம் கொடுப்பதுதான் முதல் வேலை. காற்றில் தூசி இருக்கும், உப்பு இருக்காது. "அந்தப் பக்கம் காத்து அடிக்குமேங்க" என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நான் பார்க்காத ஏசியா?" என்றீர்கள். சைக்கிள் ரிம்மைக்கூட மாதம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைக்கிற ஊர் இது. தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கல்ஃபில் ஏசி மாட்டுகிறவருக்கு நாம் என்ன சொல்வது என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

எல்லாரும் மெஷின் என்ன விலை என்றுதான் கேட்டார்கள். "மெஷின் வாங்கறதா செலவு? அத ஓட வைக்கறதுதான் செலவு" என்று நீங்கள் சிரித்தீர்கள். மீட்டரிலிருந்து தடித்த ஒயர் தனியாக இழுக்க வேண்டியிருந்தது. ஸ்டெபிலைசர், செம்புக் குழாய், இரும்பு ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி பாண்டிச்சேரிக்குப் போய் வந்தீர்கள். எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட வேண்டும் என்றார் கடைக்காரர். நீங்கள் கரியை மட்டும் வாங்கி வந்து, "நம்ம ஊரு மண்ணுக்கு உப்பு வேற வாங்கிப் போடணுமா?" என்று குழிக்குள் நின்றபடி கேட்டீர்கள். மண்ணில் இருந்த உப்பு உங்களுக்கு ஞாபகம் இருந்தது. காற்றில் இருந்த உப்பைத்தான் மறந்துவிட்டீர்கள். இருபது வருஷத்தில் எத்தனை நாள் நம் ஊர்க் காற்று உங்கள் மேல் பட்டிருக்கும்?

முதல் ராத்திரி நாம் மூன்று பேரும் இங்கேயே படுத்தோம். "இருபத்தாறுலயே இருக்கட்டும் கண்ணு. கரண்டு பில்லும் ஏறாது, மூக்கும் அடைக்காது" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்தீர்கள்.

அதற்கு முன்னால் நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் நீங்கள் வேலையை முடித்து, விசாவை ரத்து செய்துகொண்டு, கேன்சலில் ஒரேயடியாக வருவதாக இருந்தீர்கள். அம்மா உங்களுக்காக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது நீங்கள் வீடியோ கால் செய்தீர்கள். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். "புழுக்கமா இருக்குது அத்தா. படிக்கவே முடியல. அவங்க அவங்க வூட்ல ஏசி போட்டுட்டாங்க. நீங்க ஏசி மெக்கானிக்குனு சொல்லவே எனக்கு வெக்கமா இருக்குது" என்றேன். உங்கள் பின்னால் கட்டிலில் யாரோ கம்பளி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். "இங்க ராத்திரில ஏசியே வேணாம், தெரியுமா? வெளிய நின்னாலே குளுருது" என்றீர்கள். அப்புறம், "சரி, அத்தா பார்த்துக்கறேன்" என்றீர்கள்.

கேன்சலில் வரவில்லை, லீவில் வந்தீர்கள். ஏசியை மாட்டிவிட்டு, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அம்மா சண்டை போட்டாள். "எனக்குத்தான் ஆசை. என் வூட்ல ஒரு ஏசி இருக்கக் கூடாதா?" என்றீர்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் முடிய மூன்று மாதம் இருந்தபோது ஏசி நின்றது. "யாரும் கை வைக்காதீங்க, நானே வந்து பார்த்துக்கறேன்" என்று வாய்ஸ் அனுப்பினீர்கள். அடுத்த மாதம், ஒரு வீட்டு மொட்டை மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தீர்களாம், அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். உங்கள் அறையில் இருந்தவர் போன் செய்து சொன்னார். அந்த ஊரில் வேர்வை வருவதே தெரியாது, வந்தவுடன் காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது என்று நீங்களே ஒரு தடவை சொல்லியிருக்கிறீர்கள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் போனில்தான் பார்த்தோம்.

இந்த நாலு மாதமாக அம்மா ராத்திரியில் இந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து மெதுவாகக் கேட்பாள்: "யாருக்கு வேணும்னு இத மாட்டினீங்க? யாரு கேட்டா?" துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் உங்களுக்கு வீம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவது போலப் படுத்துக்கொள்வேன்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றவுடன் அம்மா புரண்டாள். நான் போனை அணைத்துவிட்டேன்.

"தூங்கலியாடி?"

"தூக்கம் வரலம்மா."

"வேர்க்குதா?"

இருட்டில் அவள் கை தடவிக்கொண்டு வந்து பரீட்சை அட்டையில் பட்டது. அவள் அதை எடுத்து எனக்கு விசிறத் தொடங்கினாள். இந்தத் தாள்கள் கிளிப்பில் படபடவென்று அடித்தன. உங்களுக்கு எழுதியதெல்லாம் என் முகத்துக்கு மேலே போய்ப் போய் வந்தது. விடிந்தால் அவள் பார்த்துவிடுவாள் என்று பயந்தேன். விடிந்தால் அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் நீங்கள் என்றைக்கும் வீம்புக்காரராகவே இருந்துவிடுவீர்கள் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

"அம்மா, ஏசி கேட்டது நான்தான்."

அட்டை நின்றது.

"அத்தாவ நான்தான் கேட்டேன். வெக்கமா இருக்குதுன்னு சொன்னேன். ரிமோட்டும் என்கிட்டதான் இருக்குது."

கடல் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியவில்லை. அப்புறம் அட்டை மறுபடியும் அசைந்தது, முன்பைவிட மெதுவாக. கரண்ட் வரும்வரை அவள் நிறுத்தவில்லை.

இப்போது அவள் தூங்குகிறாள், அல்லது என்னைப் போலத் தூங்குவது மாதிரிப் படுத்திருக்கிறாள். எனக்குப் பயம் போகவில்லை அத்தா. ரிமோட்டை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டேன். காலையில் அந்த மெக்கானிக் ஏணியில் ஏறி, யார் மாட்டியது என்று மறுபடி சிரித்தால், திரைக்குப் பின்னாலிருந்தாவது நான் பதில் சொல்வேன்: எங்க அத்தா மாட்டினாரு, எனக்காக, நிழல் பார்த்து மாட்டினாரு.