படத்தில் இருந்தது இரண்டு அடுக்கு

இன்று காலை என் ஆய்வு மாணவி செலோடேப்பைச் சர்ரென்று இழுத்தாள். அந்தப் பசை வாசம் வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஆய்வு மாணவிகளாக ஐந்து வருடம் நாம் செய்த வேலைதானே அது. மாலிப்டினம் சல்பைடு படிகத்தை டேப்பில் ஒட்டி ஒட்டிப் பிரித்து, சிலிக்கான் சில்லில் பதித்து, மைக்ராஸ்கோப்பில் தேடுவோம். வெளிறிய நீலமாகத் தெரிந்தால் நாம் தேடும் மிக மெல்லிய ஒற்றை அடுக்காக இருக்கலாம். உறுதிசெய்யப் பச்சை லேசரைப் பாய்ச்ச வேண்டும். ஒற்றை அடுக்கு சிவப்பாக ஒளிரும். இரண்டு அடுக்கு என்றால் மங்கிவிடும்.

அந்த வருடம் லேசர் பழுது. எனக்கோ அழகான ஒரு துண்டு கிடைத்திருந்தது. “கலரே போதும்மா, ஒற்றை அடுக்குன்னே எழுதிடு” என்றார் நம் கைடு சார். நீதான் மறுத்தாய். “ஒளிருதான்னு பாக்காம என் பேரைப் போடாதடி. ரெண்டு அடுக்கு மாதிரி இருக்குது.”

உன் பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன். அந்தத் துண்டின் படத்தோடு கட்டுரை வெளியானது, கடலூரில் கல்லூரி வேலையும் கிடைத்தது. அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

லேசர் சரியானதும் தனியாகப் போய் அந்தத் துண்டை வைத்துப் பார்த்தேன். ஒளிரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், சாரின் பெயர் கெடும். மூன்று வருடமாக அதே படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன்.

போன வாரம் இந்த மாணவி, குறிஞ்சிப்பாடிப் பெண், அழுதாள். “எட்டு மாசமா பண்றேன் மேடம். உங்க படத்துல இருக்கற அதே நெறம் வருது, ஆனா ஒளிர மாட்டேங்குது. என் கைதான் சரியில்ல. விட்டுட்டு ஊருக்கே போயிடறேன்.”

“உன் கை சரியாத்தான் இருக்குது. என் படம்தான் தப்பு.”

கட்டுரை தவறு என்று அன்றே இதழுக்கு எழுதிவிட்டேன். சார் போன் செய்தார். “என் பேரும் இருக்குதேம்மா, யோசிச்சியா?” யோசித்துத்தான் மூன்று வருடம் போயிற்று. கல்லூரியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை நிலைக்குமா, தெரியாது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பது அது இல்லை. உன் பெயரை எடுத்த அன்று மாலை, நாம் வீடு திரும்பும் கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாய். பார்க்காதவள் போலப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ இறங்கும் சிப்காட் ஸ்டாப் வரும்வரை யாரையும் அங்கே உட்கார விடவில்லை.