விலகியவர்கள் கோப்பு

மே 4

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உனக்கு இடம் தருவதாகச் சொன்ன பிசியோதெரபி கல்லூரி அனுப்பிய கட்டண விவரத்தைச் சமையல் மேடையில் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தேன். அப்பா எழுந்து வந்து பார்த்தார். "டம்ளர் இருக்கு, காபியைக் காணோமே" என்றார்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நீ அழுகிறாய், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிசியோதெரபி வேண்டாம் என்பது என் பிடிவாதம் இல்லை. ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்களிடம் அந்தப் படிப்புப் படித்தவர்கள் பதினோரு பேர். பெயர் சொல்ல மாட்டேன். கல்விக் கடன் தவணையை நாங்கள்தான் பிடித்து வங்கிக்கு அனுப்புகிறோம். நூறு சம்பளம் என்றால் அதில் முப்பத்தெட்டு தவணைக்கே போகிறது. ஏழு வருடம் ஆனவருக்கும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. லேப் டிப்ளமா இரண்டே வருடம், கடனே வேண்டாம். சம்பளம் கொஞ்சம்தான் குறைவு.

"கடன் வாங்கி வைத்தியம் பாக்குறவங்களைத் தெரியும். கடன் வாங்கி வைத்தியம் படிக்கணுமா?" இது அப்பா.

உன் கல்விக் கடனுக்கு நான் போட வேண்டிய ஜாமீன் கையெழுத்துக்கு இந்த மாதக் கடைசிவரை அவகாசம் இருக்கிறது. யோசி. அத்தை வீட்டில் சாப்பிட்ட தட்டையாவது நீ கழுவு.

அம்மா

மே 10

என் சம்பளப் பிரிவு அம்மாவுக்கு,

தட்டு கழுவுகிறேன். அத்தையின் தட்டையும் சேர்த்துத்தான். அத்தையிடமே கேட்டுக்கொள்.

உன் கடிதத்தை நான் உதவியாளாக வேலை பார்க்கும் பிசியோதெரபி மையத்துக்கு எடுத்துப் போனேன். கோபப்படாதே. இங்கே தலைமை பிசியோதெரபிஸ்ட் அக்கா முன்பு உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாராம். பதினோரு பேர் கணக்கைச் சொன்னதும் சிரித்தார். "உங்கம்மா பட்டியல்ல நானும் மூணு வருஷம் இருந்தேன். அப்புறம் நான் எங்க போனேன்னு அந்தப் பட்டியலுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யார் வேலையை விட்டாலும் அந்த மாதத்தோடு உன் பட்டியலிலிருந்து போய்விடுகிறார்கள் இல்லையா? அதிகச் சம்பளத்துக்குப் போனவர்கள், சொந்தமாகத் தொடங்கியவர்கள் யாருமே அதில் இல்லை. இருப்பவர்களை மட்டும் வைத்து நீ கணக்குப் போட்டிருக்கிறாய்.

அக்கா வெறும் தேனாகவும் பேசவில்லை. அவரோடு படித்த இரண்டு பேர் இந்தத் தொழிலிலேயே இல்லையாம். ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர், பக்கவாதம் வந்தவர், நாலு மாதத்துக்குப் பிறகு தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். ஒரு பொத்தானுக்குப் பதினோரு நிமிடம். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதினோரு நிமிடமும் துண்டு பிடிக்கிறவளாகவே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை அம்மா.

கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கை மட்டும் மறுபடி போடு.

உன் வாயாடி

மே 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பத்தொன்பது வருட வேலையில் தப்புக் கண்டுபிடித்தது தணிக்கைக்காரர் என்றால் தாங்கியிருப்பேன். நான் பெற்றதே கண்டுபிடித்தால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் மேலாளரிடம் கேட்டுவிட்டு, விலகியவர்கள் கோப்பை எடுத்தேன். கடைசிக் கணக்கு முடித்து அனுப்புவதற்காக ஒவ்வொருவரும் போன் எண் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைப்பதும் நான்தான். ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. மதிய இடைவேளைகளில், அதிலிருந்த பிசியோதெரபி படித்தவர்கள் ஆறு பேரை அழைத்தேன். என் மகளுக்காகக் கேட்கிறேன், விருப்பமிருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

ஒருவர், "கடனா? அது முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். மாசாமாசம் புடிச்சீங்களே, முடிஞ்சப்போ ஒரு வாழ்த்தாவது சொல்லியிருக்கலாம்" என்றார். இன்னும் மூன்று பேர் எங்களிடம் வாங்கியதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். ஒருவர் பேச விரும்பவில்லை.

ஆறாவது பெண் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு குழந்தைகள். படித்தது தப்பா என்று கேட்டேன். "படிப்பு தப்பில்ல மேடம். படிக்கிற நாலு வருஷமும் வட்டியைக் கட்டாம விட்டோம். அது அசலோட சேர்ந்து உக்காந்துருச்சு. எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியல" என்றாள். குரலில் குறை இல்லை, களைப்பு இருந்தது. போனை வைத்தபின் வெகுநேரம் அவளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே புதுக் கணக்கு இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாலைந்து வருடம் கழுத்தைப் பிடிக்கும். அதன்பின் மூச்சு விடலாம். அதுவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடாமல் இருந்தால். இந்தக் கடைசி வரியை எழுதும்போது என் நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அப்பா இன்று காலைகூட, "லேப்புக்கு விண்ணப்பம் வாங்கியாச்சா?" என்றார். "பாக்கலாம்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா வைத்த கடனைப் பத்து வருடம் அடைத்தவர். அவரிடம் ஞாயிற்றுக்கிழமை, அவர் வயிறு நிறைந்திருக்கும்போது, இந்த ஆறு பேர் கதையையும் சொல்லப் போகிறேன். சத்தம் போடுவார். போடட்டும்.

திங்கட்கிழமைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் கேட்கும் இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். வங்கி திறந்ததும் ஜாமீன் கையெழுத்துப் போடுவேன். நீ படிக்கிற நாலு வருடமும் வட்டியை மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து கட்டுவதாக அங்கேயே இன்னொரு தாளும் எழுதிக் கொடுப்பேன். அசல் உன்னுடையது, வேலைக்குப் போனபின் நீயே அடைக்க வேண்டும், அதில் நான் கை வைக்க மாட்டேன்.

இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உறையை ஒட்டாமல் கைப்பையில் வைத்திருக்கிறேன். வங்கியிலிருந்து வெளியே வந்தபின் தபாலில் போடுவேன்.

அம்மா